தறியில் ஏறிய அட்டையும் ஒரு காப்புரிமைப் பிரிவும்

மென்பொருள் உரிமங்களை வாசிக்கும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதி வைக்கிறேன். எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஓய்வு பெற்றவர் தோரணையில் புத்தி சொல்ல வந்துவிட்டாள் என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் சட்டக் கல்லூரியில் சேருகிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரிக்கு இரண்டாம் முறை போகும் ஆளும் நானாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். இந்த மேசைக்குத் திரும்ப வரப்போவதில்லை.

எந்த உரிமம் எதனோடு சேரும், எது சேராது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் வரும். அதை நான் தொடவில்லை. ஒரு காப்புரிமைப் பிரிவை ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தமிழில் விளக்க வேண்டிவந்த ஒரு மத்தியானத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நல்லபடியாக முடிந்த கதை அல்ல அது.

சென்னைக்கு வருவதற்கு முன்னால் ஆரணியில் ஒரு சிறிய கம்பெனியில் இருந்தேன். பட்டுச் சேலையில் விழும் டிசைனை அங்கே துளை போட்ட அட்டைகள்தான் தறிக்குச் சொல்லும். நூற்றுக்கணக்கான அட்டைகளைக் கோத்துத் தறியின் தலைமேல் ஏற்றுவார்கள். எந்த இழை எழ வேண்டும், எது கிடக்க வேண்டும் என்பது துளையில் இருக்கும். எங்கள் முதலாளி ஏகாம்பரம் அந்த அட்டைகளுக்குப் பதிலாக ஒரு மின்பெட்டி செய்தார். பெட்டிக்குள் இருக்கும் சின்னக் கணினி டிசைனைப் படித்து இழைகளைத் தூக்கும்.

அப்படிப்பட்ட பெட்டிகள் வெளிநாட்டில் ஏற்கெனவே உண்டு. ஆனால் அவற்றைச் செய்தவர்களுக்கு எங்கள் ஊரில் கரண்ட் போவது தெரியாது. கரண்ட் போனால் அந்தப் பெட்டி தான் நின்ற இடத்தை மறந்துவிடும். திரும்ப ஓடும்போது மயிலின் கழுத்து ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமுமாக விழும். ஏகாம்பரத்தின் பெட்டி கரண்ட் போகும் அந்த நொடியிலேயே கடைசி இழையைப் பூட்டிக்கொண்டு நிற்கும். வந்ததும் அதே இழையிலிருந்து தொடங்கும். இந்த முறைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். காப்புரிமை யாரிடம் இருக்கிறதோ அவர் அனுமதி இல்லாமல் அந்த முறையில் பெட்டி செய்து விற்க நாட்டில் வேறு யாருக்கும் வழியில்லை.

பெட்டியை ஓட்டும் நிரல் முழுவதும் எங்களுடையது அல்ல. பல நாட்டு ஆட்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்திருந்த திறந்த மூல மென்பொருள் அது. கம்பெனியின் நிரலாளர் தாமோதரன் அதை எடுத்து எங்கள் பெட்டிக்கு ஏற்ப மாற்றியிருந்தார். நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய ஆண்டில், பூட்டிக்கொள்ளும் அந்தப் பகுதியையும் சுத்தமாக எழுதி, கம்பெனியின் பெயரில் அந்தப் பொது மென்பொருளுக்கே அனுப்பிவைத்தார். திருட்டுத்தனமாக அல்ல, முதலாளியைக் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினார்.

முதலாளி ஏன் சரி என்றார் என்று உங்களைப் போன்றவர்கள் கேட்பீர்கள். ஆரணியில் ஒரு வீட்டு அட்டையை இன்னொரு வீட்டுக்கு இரவல் கொடுப்பார்கள். கல்யாணக் காலத்தில் ஒரு டிசைன் நன்றாகப் போகிறது என்றால் பக்கத்துத் தெருக்காரர் வந்து கேட்பார். கொடுத்தால், கிழிந்த அட்டையை ஒட்டிச் சரிசெய்து அவரே கொண்டுவந்து தருவார். நாளைக்கு உங்களுக்கு ஒரு டிசைன் வேண்டுமென்றால் அவரிடம் போய் நிற்கலாம். எதிலும் எழுத்து கிடையாது. பொதுவில் இருந்து ஒரு நிரலை எடுத்தோம், பதிலுக்கு ஒன்றைக் கொடுக்கிறோம் என்றதும் ஏகாம்பரத்துக்கு அதில் புதிதாக எதுவும் தெரியவில்லை. அவர் இரவல் கொடுத்தார்.

நான் அங்கே சேர்ந்தது பெட்டியோடு கொடுக்கும் விளக்கப் புத்தகத்தைத் தமிழில் எழுதுவதற்கு. உரிமங்களை வாசிக்கச் சொல்லி யாரும் என்னை வைக்கவில்லை. கல்லூரியில் ஆங்கிலப் பாடம் வாசிக்கும்போது எந்த வரி முக்கியம், எந்த வரியை விடலாம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிள்ளைகள் தாண்டித் தாண்டி வாசித்தார்கள். நான் அகராதியை வைத்துக்கொண்டு எல்லா வரியையும் வாசித்தேன். அந்தப் பழக்கம் போகவே இல்லை. கம்பெனியில் எந்த ஆங்கிலக் காகிதம் வந்தாலும் கடைசிவரை வாசிப்பவள் என்று பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரில் எனக்குப் பெருமை உண்டு, இன்றும்.

மேற்கு மாவட்டத்துப் பெரிய நிறுவனம் ஒன்று எங்கள் பெட்டியைப் போலவே ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கரண்ட் போனால் அதுவும் பூட்டிக்கொண்டது. உள்ளே ஓடியது அதே பொது மென்பொருள்தான். விலை எங்களுடையதைவிடக் குறைவு. போளூர்ப் பக்கத்தில் எங்களிடம் பெட்டி சொல்லி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்றார்கள். பட்டறையில் ஆட்கள் மத்தியானத்துக்கு மேல் வேலையில்லாமல் உட்கார ஆரம்பித்தார்கள். ஏகாம்பரம் சென்னை வக்கீல் ஒருவரிடம் போனார். வழக்கு நோட்டீஸ் தயாரானது. அனுப்புவதற்கு முன்னால் அந்த மென்பொருளின் உரிமத்தையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லி வக்கீல் கேட்டிருந்தார். அது என்னிடம் வந்தது.

உரிமத்தில் காப்புரிமை பற்றிய பகுதி நீளமில்லை. இரண்டு விஷயம் சொல்கிறது. இந்த மென்பொருளுக்கு நீ ஒரு பகுதியைக் கொடுத்தால், அதில் உனக்குக் காப்புரிமை இருந்தாலும், மென்பொருளைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் நிரந்தரமாக அனுமதி தருகிறாய். அதைத் திரும்பப் பெற முடியாது. இது முதலாவது. இந்த மென்பொருள் என் காப்புரிமையை மீறுகிறது என்று நீ யார்மேலாவது வழக்குப் போட்டால், மற்றவர்கள் தங்கள் காப்புரிமைகளுக்கு உனக்குத் தந்த அனுமதி அன்றோடு ரத்து. இது இரண்டாவது. எங்கள் பெட்டி இழையைத் தூக்கும் முறையே, இதே மென்பொருளுக்கு ஒரு பகுதியைக் கொடுத்திருந்த ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் காப்புரிமை. இந்த உரிமத்தின் தயவில்தான் நாங்கள் அதைச் செய்துகொண்டிருந்தோம்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாம்மா சொல்ற? என் பொருள எடுத்து வித்துகினு இருக்கான். நான் கேக்கக்கூடாதா?"

"நீங்க குடுத்துட்டீங்க சார்."

"இரவல்தானம்மா குடுத்தேன். இரவல் குடுத்தா நம்ம பொருள் இல்லன்னு ஆயிடுமா?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று இந்த வேலையில் இத்தனை நாள் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் எனக்கு எழுதுங்கள்.

வக்கீலிடம் நான் தொலைபேசியில் சொன்னபோது அவர் காப்புரிமை யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டார். முதலாளியின் மனைவி கனகவல்லி அம்மாவின் பெயரில் என்றேன். வாங்கிய சமயத்தில் ஏகாம்பரத்துக்கு ஏழரைச் சனி. அந்த ஆண்டுகளில் எதையும் அவர் பெயரில் செய்யவில்லை. பட்டறைக் கட்டடம், தொலைபேசி, கடைசியில் காப்புரிமை, எல்லாம் அம்மா பெயரில். எங்கள் பக்கத்தில் இது அதிசயமில்லை. கம்பெனி மட்டும் சனிக்கு முன்னால் ஆரம்பித்தது என்பதால் அவர் பெயரிலேயே நின்றுவிட்டது.

வக்கீலின் குரல் மாறியது. உரிமம் கட்டுப்படுத்துவது கொடுத்தவரை. கொடுத்தது கம்பெனி. காப்புரிமை கம்பெனியுடையது அல்ல. எதையுமே கொடுக்காத ஒரு பெண்ணுடையது. அந்தப் பெண் வழக்குப் போட்டால் உரிமம் குறுக்கே நிற்காது என்று வாதாடலாம். இதை முதலிலேயே சொல்லியிருக்கக்கூடாதா என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டார். நோட்டீஸ் புதிதாக எழுதப்பட்டு, கனகவல்லி அம்மாவின் கையெழுத்துக்காக ஆரணிக்கு வந்தது.

அம்மா போடவில்லை. அதுவரை எந்தக் காகிதத்தை நீட்டினாலும் போட்டவர், இதில் வழக்கு என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, கோர்ட்டுக்குப் போவது நானா அவரா என்று கேட்டிருக்கிறார். நீதான் என்றதும், அப்படியானால் என்ன ஏது என்று தெரியாமல் போடமாட்டேன் என்றுவிட்டார். ஏகாம்பரம் விளக்கிப் பார்த்தார். அவர் விளக்கம் ஒவ்வொரு தடவையும் அந்த மேற்கு மாவட்டக் கம்பெனியைத் திட்டுவதில் போய் முடிந்தது. அதனால் என்னை அனுப்புவது என்று முடிவானது.

போவதற்கு முன்னால் வக்கீல் கூப்பிட்டார். "அந்தம்மாவுக்கு எல்லாத்தையும் சொல்லணும்னு இல்ல. கையெழுத்து போடற அளவுக்குச் சொன்னா போதும். புரியுதுங்களா?"

புரிந்தது. எங்கள் அப்பா ரேகை வைப்பவர். ரேகை வைக்கிற அளவுக்கு மட்டும் சொன்னவர்களை நான் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூடப் பொய் சொன்னதில்லை. பாதியைச் சொன்னார்கள், அவ்வளவுதான். அந்தப் பாதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீதியை வாசிக்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை. அதற்காகத்தான் நான் படித்தேன் என்று சொன்னால் மிகையாக இருக்கும். ஆனால் அந்த வீட்டுக்கு நடந்து போகும்போது வேறு எதுவும் எனக்கு நினைவில் இல்லை.

கனகவல்லி அம்மா கூடத்தில் உட்கார்ந்து ஊடைக்கு, அதாவது சேலையின் குறுக்கு இழைக்கு, நூல் சுற்றிக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் சுவரோரம் நாற்காலியில். நான் கீழே உட்கார்ந்து ஆரம்பித்தேன். மென்பொருள் என்ன, உரிமம் என்ன, தாமோதரன் அனுப்பியது என்ன என்று வரிசையாகச் சொன்னேன். அம்மாவின் கை நிற்கவில்லை.

"அவுரு குடுத்தாரா இல்லியா, அத சொல்லு மொதல்ல."

"கம்பெனி குடுத்துச்சும்மா."

"கம்பெனின்னா யாரு?"

"சார்தான்."

"அப்ப பேட்டண்ட் ஏன் என் பேர்ல கீது?"

"ஏழரை நடந்துகினு இருந்துச்சே, உனக்குத் தெரியாதா?" என்றார் ஏகாம்பரம்.

"உங்களுக்கு ஏழரைன்னா எனக்கு எட்டரையா? கோர்ட்டுல போய் நான் நிக்கணுமா?"

முதலாளியே சிரித்துவிட்டார். அந்த மத்தியானத்தில் சிரிப்பு வந்தது அப்போது மட்டும்தான்.

பெயர் வேறாக இருப்பதுதான் இதில் பிடி என்பதை விளக்கினேன். வழக்குப் போட்டால் ஜெயிக்க வாய்ப்பு உண்டு என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். வக்கீல் கேட்ட அளவு அதோடு முடிந்தது. ஏகாம்பரம் பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். நான் பேச்சை நிறுத்தவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் வேறுவேறு ஆள் இல்லை, சேர்ந்துதான் இதைச் செய்கிறார்கள் என்று எதிர்த்தரப்பு சொல்லும். நீதிபதி அதை ஏற்றுக்கொண்டால் இழை தூக்கும் முறைக்கு நமக்கு இருக்கும் அனுமதி போய்விடும். அப்புறம் நம் பெட்டியையே நாம் செய்ய முடியாது என்றேன்.

"ஜெயிச்சா? யாரு யாரு நிறுத்தணும்?"

"மொதல்ல அந்தக் கம்பெனி. ஆனா ஜெயிச்சுட்டா, அந்தப் பூட்டு எதுல இருந்தாலும் உங்க அனுமதி வேணும்மா. தனியா பெட்டி செஞ்சு மாட்டி ஓட்டறவங்களும் உங்களக் கேக்கணும்."

"சந்தவாசல்ல என் தம்பி?"

அவருடைய தம்பி அந்தப் பொது நிரலை எடுத்துத் தானே பெட்டி கட்டித் தன் தறிகளில் மாட்டியிருந்தார். அக்கம்பக்கத்தில் நாலைந்து பேருக்கும் கட்டிக் கொடுத்திருந்தார். கம்பெனியில் எல்லோருக்கும் இது தெரியும்.

"அவரும்தாம்மா. நீங்க விட்டா ஓட்டலாம்."

"அவன யாரு கேக்கப் போறாங்க?" என்றார் ஏகாம்பரம். என்னைப் பார்த்து, "ஏம்மா, இதெல்லாம் இப்ப தேவையா?" என்றார். குரலில் கோபம் இல்லை. கெஞ்சுவதுபோல் இருந்தது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கோபப்பட்டிருந்தால் நிமிர்ந்து பதில் சொல்லியிருப்பேன்.

அம்மா நூல் சுற்றுவதை நிறுத்தினார். "போடலன்னா?"

"பட்டறை தாங்காதும்மா."

இதையும் சொல்ல வேண்டியிருந்தது. முழுதும் சொல்வது என்றால், கேட்பவருக்கு வசதியான பக்கத்தை மட்டும் கூடுதலாகச் சொல்வது அல்ல. கையெழுத்துப் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன என்று இரண்டையும் அவர் முன்னால் வைத்தேன். இரண்டும் நன்றாக இல்லை.

சுற்றிய நூலை அம்மா மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். பிறகு அம்மா சொன்னார்: "இரவல் குடுத்த அட்டைய, தறியில ஏத்துனப்புறம் எறக்கச் சொன்னவள எங்க தெருவுல நான் பாத்ததில்ல. நான் சொல்ல மாட்டேன்."

இரவலுக்கு அப்படி ஒரு முறை உண்டு. அட்டையைத் தறியில் ஏற்றி, பாவு, அதாவது தறியில் கட்டிய நீள இழை, ஓட ஆரம்பித்துவிட்டால், எவ்வளவு சண்டை வந்தாலும் அந்தப் பாவு முடிகிறவரை யாரும் அட்டையைத் திருப்பிக் கேட்கமாட்டார்கள். பாதிச் சேலையில் டிசைனை அறுப்பது நெய்பவர் வயிற்றில் அடிப்பது.

"உன் தம்பி தறிக்காகப் பேசற," என்றார் ஏகாம்பரம்.

"ஆமா. அவன் தறிக்காகவும்தான்."

ஏகாம்பரம் எழுந்தார். வெளியே போகிறார் என்று நினைத்தேன். என் முன்னால் வந்து நின்றார்.

"சரி. பாவு முடிஞ்சா எறக்கலாம் இல்ல? அதான வழக்கம். நீ படிச்சுப் பாத்தியே, அதுல எப்பம்மா பாவு முடியுது?"

"முடியாது சார்," என்றேன்.

அவர் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

வக்கீல் அன்று மாலை தொலைபேசியில் என்னைக் கேட்டார், உங்களை யார் அங்கே வகுப்பு எடுக்கச் சொன்னது என்று. முதலாளி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாதச் சம்பளத்தைக் கடைசிவரை ஒழுங்காகக் கொடுத்தார். தாமோதரன் முதலில் போனார். பிறகு பெட்டியைக் கோக்கும் ஆட்கள். ஒரு நாள் எனக்கு எழுதுவதற்கு எந்தப் பெட்டியும் இல்லாமல் போயிற்று.

சென்னையில் நேர்காணலில், உரிமத்தின் காப்புரிமைப் பிரிவை எப்போதாவது நடைமுறையில் கையாண்டிருக்கிறீர்களா என்று கேட்டார்கள். ஊர், பெயர் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னேன். மிக நல்ல உதாரணம் என்றார்கள். வேலை கிடைத்தது. அந்த நியமனத் தாளை எங்கள் வீட்டில் எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். நானும் பெருமைப்பட்டேன். பட்டறை போன விதம்தான் எனக்கு இந்த மேசையை வாங்கித் தந்தது என்பதும் தெரியும். இரண்டும் ஒன்றாகவே இருக்கிறது, பிரிக்க முடியவில்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். கம்பெனி எதையும் பொதுவில் கொடுப்பதற்கு முன்னால் உங்களிடம் வாசிக்கத் தரச் சொல்லிக் கேளுங்கள். வழக்கு என்று வந்த பிறகு வாசிப்பவர் கெட்ட செய்தி கொண்டுவருபவர் மட்டும்தான். யார் பெயரில் எது இருக்கிறது என்று கேட்காமல் எந்தப் பதிலும் சொல்லாதீர்கள். கையெழுத்துப் போடுபவரிடம், கையெழுத்துப் போடும் அளவுக்கு மட்டும் சொல்லாதீர்கள். இப்படிச் செய்தால் நல்லது நடக்கும் என்று நான் உறுதி தரவில்லை. அன்று நான் சொன்னதில் ஒரு வரியைக்கூட இன்றும் மாற்றமாட்டேன். அதனால் யாருக்காவது நன்மை விளைந்ததா என்றால், சந்தவாசலில் சில தறிகள் யாரையும் கேட்காமல் ஓடுகின்றன. அவ்வளவுதான்.

போன ஆண்டு வெம்பாக்கம் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு விசேஷத்துக்குப் போயிருந்தேன். என் அம்மா வழியில் மாமா முறை ஒருவர் வீடு. அவர் தறியில் அந்த மேற்கு மாவட்டக் கம்பெனியின் பெட்டி. அதில் ஏதோ கோளாறு என்று ஆள் வரச் சொல்லியிருந்தார். கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு, கருவிப் பையோடு வந்து இறங்கியவர் ஏகாம்பரம். இந்தப் பக்கத்துக்கெல்லாம் அவர்தான் இப்போது அவர்களுடைய பழுதுபார்க்கும் ஏஜெண்ட். வாசலில் என்னைப் பார்த்தவர், "நல்லா கீறியாம்மா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். தறிமேல் ஏறிப் பெட்டியைத் திறந்தார்.

மாமாவுக்கு அவர் யார் என்று தெரியாது. கீழே நின்று பேசிக்கொண்டே இருந்தார். "கோளாறு இத்தோட சரிங்க, மத்தபடி தங்கம். கரண்ட் எத்தன வாட்டி போனாலும் ஒரு இழை நவுறல. இன்னா மூள பாருங்க அவனுக்கு. யாருங்க இத கண்டுபுடிச்சது, வெளிநாட்டுக்காரனா?"

"யாரோ, தெரியலீங்க," என்றார் ஏகாம்பரம், திருகாணியை முறுக்கிக்கொண்டே.

மாமா என் பக்கம் திரும்பினார். "நீ கம்ப்யூட்டர் படிச்சவளாச்சே. உனக்குத் தெரியுமா?"

திருகாணியை முறுக்கிய கை நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் தெரியாது மாமா," என்றேன்.

கை மறுபடி முறுக்க ஆரம்பித்தது.